ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்கு அறிவிப்பார் யார்?

ஜவ்வாது மலையைப் பற்றிப் பத்திரிகைகளில் பிரஸ்தாபம் வரும்போதெல்லாம் அது பெரும்பாலும் ரஸ்தாவைப் பற்றியதாகவே இருந்து வருகிறது. 2023-ம் வருஷம் மே மாதத்தில், அம்மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரி மலைக் கிராமமொன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே குழந்தை இறந்தது. பிரேதத்தை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் வண்டி, மேலே செல்ல ரஸ்தா இல்லாமையால் பாதி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் அதைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தாள். அச்செய்தியைப் படித்துத் தலைகுனியாத தமிழன் இருந்திருக்க முடியாது. ரஸ்தா வேண்டுமென்று அன்று எழுந்த கோரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆனால், ரஸ்தா போட்டாயிற்று, வண்டியும் தங்குதடையின்றி வைத்தியசாலை வாசலை வந்து அடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் அக்குழந்தையை வாங்கிக்கொள்ளும் கைகளுக்கு, அடுத்தபடி செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்திருக்குமா? அதைத் தெரிவித்து வைக்கும் பொறுப்பு யாருடையது? ரஸ்தாவைப் பற்றிக் கேட்டவர்களில் நூற்றிலொரு பங்கினர்கூட இக்கேள்வியைக் கேட்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிகள் என்னும் பழங்குடி மக்களே அங்கு பெரும்பான்மையோர். பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழே. மலைமேலுள்ள வைத்தியசாலைகளில் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்ஸுகளும் அநேகமாகச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள். சில காலம் இருந்து, மாற்றல் உத்தரவு வந்ததும் இறங்கிவிடுகிறவர்கள். இதில் அவர்கள்மீது குற்றமில்லை. ஆயினும் பழகிய சிப்பந்தி ஒருவர் இறங்கும்போது அவர் கற்றதும் அவரோடு இறங்கிப் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் யாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சந்தேகம் தோன்றினால் அடுத்த அறைக்குச் சென்று கேட்கலாம். ஒரு நர்ஸும் ஓர் உதவியாளுமே இராக்காவல் இருக்கும் மலை வைத்தியசாலையில் யாரிடம் போய்க் கேட்பது?

பாம்புக்கடியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். விரியன் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. நோயாளியின் இரத்தத்தில் சிறிதளவை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறதென்று பொருள். யந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மலைக்கென்றே ஏற்பட்டது போன்ற பரீட்சை. ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உதவாது. அது உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். சோப்பிட்டுக் கழுவிய குழாயானால், நல்ல இரத்தமும் உறையாமல் நின்று பொய்ச் சாட்சி சொல்லிவிடும். ஆகவே, டாக்டரின் தீர்மானம் சரியா தவறா என்பது, முந்தின நாள் குழாயைக் கழுவி வைத்த சிப்பந்திக்கு ஒரு சிறு விஷயம் தெரிந்திருந்ததா என்பதைப் பொறுத்து நிற்கிறது. சுத்தமாக வைக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தினாலேயே அவர் கெடுதல் செய்துவிடக் கூடும். அவருக்கு இதை யாராவது சொன்னார்களா?

விஷ முறிவு மருந்தின் விஷயமும் இத்தகையதே. குழந்தை சிறியது என்பதற்காக மருந்தின் அளவைக் குறைத்துவிடலாகாது. பாம்பு ஆள் பார்த்து விஷத்தை அளந்து விடுவதில்லை. மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதாதலால் சிலருக்கு அது ஒவ்வாமல் திடீரென்று மூச்சடைக்கும். அதற்கான மாற்று ஊசியை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவர் பயமின்றிச் சிகிச்சையைத் தொடங்குவார். அது தெரியாதவர், நமக்கேன் வம்பு என்று நோயாளியை மலையடிக்கு அனுப்பிவிடுவார். வழியில் நேர்வது என்ன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இராது, வலியும் இராது. நோயாளி வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு வருவார், இமைகள் தாமே சாயும். இதை அறிந்த நர்ஸ் ஓர் உயிரைக் காப்பார். அறியாத நர்ஸ் வயிற்றுவலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். இருவருக்குமிடையே படிப்பிலோ இரக்கத்திலோ வித்தியாசம் இல்லை. ஒருவருக்குச் சொல்லப்பட்டது, மற்றவருக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவே.

பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதென்று 2024 மார்ச் மாதத்தில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். அவ்வருஷம் நவம்பரில் நமது ராஜ்ய சர்க்காரும் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயென்று பிரகடனம் செய்தார்கள். அதாவது, கடிபட்டு வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் ஆஸ்பத்திரி சர்க்காருக்கு அறிவித்தாக வேண்டும். மிகவும் நல்லது, நாம் மனமார வரவேற்கிறோம். கீழிருந்து மேலே செய்தி போவதற்குச் சட்டம் ஆயிற்று. மேலிருந்து கீழே, கடைசிச் சிப்பந்தி வரைக்கும் செய்தி வந்து சேருவதற்கு அத்தகைய கண்டிப்பு எங்கே?

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போதும், அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கும் ரண ஜன்னிக்கும் தடுப்பூசி போட வேண்டும். காகிதத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் விடியற்காலையில் குப்பைப் பையைத் தூக்கும் ஒப்பந்தக் கூலிப் பெண்ணின் விரலில், பையைக் கிழித்துக்கொண்டு வந்த ஊசி தைக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. கிருமிக்கு அஞ்ச வேண்டிய இடமானால் முதல் மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் உட்கொள்வது உத்தமம். எழுபத்திரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் பயனில்லை. மலையிலிருப்பவருக்கு இவ்விரண்டு மணி எவ்வளவு குறுகியதென்று நேயர்கள் யோசித்துக்கொள்ளலாம். அவளோ, மேஸ்திரி திட்டுவானே என்று விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறாள். அவள் ஆஸ்பத்திரியின் சிப்பந்தி அல்லள், கம்பெனியின் ஆள் என்று உத்தியோகஸ்தர் சொல்லுவார். ஊசிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

சொல்லாமல் விட்டதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாத்தூர் சம்பவத்தை விட உதாரணம் வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் சிவகாசி இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த வாலிபர் 2016-லேயே ஒரு முறை இரத்த தானம் செய்திருந்தார். அப்பொழுதே அவர் இரத்தத்தில் கிருமி இருப்பது பரீட்சையில் தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் உண்மையை அறிந்ததும், அவர் தாமே பதறிச் சென்று இரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. நஞ்சருந்திய அவர் அம்மாதம் முடிவதற்குள் மாண்டார். இத்துயரக் கதையில் தன் கடமையைத் தவறாமல் செய்தவர், யாருக்குச் சொல்லவேண்டியது சொல்லப்படாமல் மறைந்ததோ அந்த வாலிபர் ஒருவரே. பிறகு கீழ்ச் சிப்பந்திகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தவறு செய்தவர் தண்டனை பெறுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. எனினும் ஒரு பரீட்சையின் முடிவு இரண்டு வருஷம் ஏட்டிலேயே தூங்கிற்றே, அந்த ஏட்டை யார் தண்டிப்பது?

நோயாளியின் க்ஷேமம் வேறு, சிப்பந்தியின் க்ஷேமம் வேறு என்று எண்ணுவோர் நம்மிடையே அநேகர். 2018 மே மாதத்தில் கேரளத்தில் பேராம்பிரா தாலூகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த லினி என்னும் மாது, நிபா ஜுரம் கண்ட நோயாளிக்குப் பணிவிடை செய்து தாமும் அதற்கே பலியானார். அவர் பணிசெய்த வேளையில் அது இன்ன நோயென்று எவருக்குமே தெரியாது. தெரியாத நோய்க்கு முன்னும் முகமூடியும் கைக்கவசமும் அணிவது எப்போது என்று எல்லா ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்கும் சொல்லி வைத்திருப்பதே இத்தகைய மரணங்களைத் தடுக்கும் வழி. உலக சுகாதார ஸ்தாபனம் 2019 முதல் செப்டம்பர் 17-ந் தேதியை நோயாளிகளின் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடி வருகிறது. கொரோனா பரவிய 2020-ல் அத்தினத்துக்கு அது எடுத்துக்கொண்ட விஷயம் சிப்பந்திகளின் பாதுகாப்பே. 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பெண் டாக்டர் ஒருவர் தாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கற்பழித்துக் கொலை செய்யப்பட்டதும், நவம்பரில் சென்னைக் கிண்டியில் டாக்டர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்திக் குத்துப்பட்டதும், டிசம்பரில் திண்டுக்கல் தனியார் ஆஸ்பத்திரித் தீயில் ஆறு பேர் மாண்டதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். தீப்பற்றிய கட்டிடத்தில் லிப்டில் ஏறலாகாது என்பதைக் கூடச் சொல்லி வைக்க ஆளில்லையானால் வேறெதைச் சொல்லி வைப்பார்கள்?

உத்தரவு போட்டால் போதாதா என்று கேட்கலாம். 1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்ற டாக்டர், கைகளை மருந்து நீரில் கழுவிவிட்டே பிரசவம் பார்க்க வேண்டுமென்று உத்தரவிட்டார். நூற்றுக்கு 18 என்றிருந்த தாய்மார் மரணம் சில மாதங்களில் 2 அளவுக்கு இறங்கிற்று. ஆனால் காரணத்தை அவர் விரிவாக எழுதி வெளியிட்டது பல வருஷங்களுக்குப் பிறகே. பெரிய வைத்தியர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவுமில்லை. காரணம் தெரியாதவன் உத்தரவிட்டவர் முகத்துக்காகவே கை கழுவுவான். முகம் மறைந்தால் கழுவுவதும் மறையும். இதற்கு எதிரிடையான உதாரணமும் உண்டு. ரணசிகிச்சைக்கு முன்னும் பின்னும் உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டிய ஒரு பக்க ஜாபிதாவை உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் ஏற்படுத்திற்று. புது டில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் அதைப் பரீட்சித்தபோது மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8-க்குக் குறைந்தது. அதில் புது மருந்து எதுவுமில்லை. அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டுமென்பது அதன் விதிகளில் ஒன்று. ஒரு தரம் வாய் திறந்தவன், தவறு கண்டால் மறு தரமும் வாய் திறப்பான்.

நமது ஆஸ்பத்திரிகளில் வாய் திறப்பதுதான் அபூர்வமாக இருக்கிறது. மயிரிழையில் தப்பிய தவறு ஒன்றை ஒரு நர்ஸ் மேலதிகாரியிடம் சொன்னால் அவளுக்குக் கிடைப்பது விளக்கம் கேட்டு ஒரு கடிதம். அடுத்த தவறு அவளோடு புதைந்துவிடும். வைத்திய வழிகாட்டிகளோ பெரும்பாலும் இங்கிலீஷிலேயே வருகின்றன. தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-லேயே நிறைவேறியது. ஆனால் குழாய் கழுவுகிறவருக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் உயிர் காக்கும் விஷயம் மட்டும் அந்நிய பாஷையில் கோப்பில் கிடக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உள்ளனவென்று கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. நூற்றறுபது கோடி மைலுக்கும் அப்பாலிருந்து வந்த செய்தியை வாங்கிக்கொண்ட மலை அது. சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை ஏறுவதற்குத்தானா அங்கே வழியில்லை!

சர்க்காரை நாம் கேட்பது பெரும் பணச் செலவுள்ள காரியமன்று. மலைக்கு மாற்றலாகி வரும் எந்தச் சிப்பந்தியையும், அந்த வைத்தியசாலையின் மருந்தும் குழாயும் எங்கிருக்கின்றன, பாம்புக்கடிக்கும் ஊசி தைத்ததற்கும் செய்யவேண்டியதென்ன என்று பக்கத்திலிருந்து காட்டிக் கொடுத்த பிறகே இராவேலைக்கு விட வேண்டும். முறை மாறும் ஒவ்வொரு வேளையும் போகிறவர் வருகிறவரிடம் நேரில் நின்று தமிழில் சொல்லிவிட்டே போக வேண்டும். ஒப்பந்த ஆட்களை விலக்கி வைக்கலாகாது. மேலதிகாரி மலையேறி வரும்போது ஆஜர்ப் பட்டியலை மாத்திரம் பார்த்துவிட்டு இறங்காமல், கடைசிச் சிப்பந்தியை அழைத்து அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறதென்று கேட்க வேண்டும். நேர இருந்த தவறைத் தாமே வந்து சொன்னவர் மீது நடவடிக்கை இல்லையென்று எழுத்து மூலம் உத்தரவும் வேண்டும்.

அம்மூன்று ஜில்லாக்களிலுமுள்ள தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. ரஸ்தாவுக்காக மனுக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அடுத்து வரும் கிராம சபைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, சென்ற வருஷத்தில் எந்தத் தேதியில், யார் யாருக்கு, எந்தப் பயிற்சி அளிக்கப்பட்டதென்று கேளுங்கள். அதில் துப்புரவுத் தொழிலாளர் எத்தனை பேர் என்று தனியே கேளுங்கள். கிடைக்கும் விடையைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே பதிவு செய்து ஜில்லா கலெக்டருக்கு அனுப்புங்கள்.