வரி குறைப்பு: நிறைவேறிய வாக்குறுதியின் கதை

"எங்களுக்குத்தான் வரியே இல்லையே சேர், கூட்டினா என்ன, குறைச்சா என்ன?" மேற்பிரிவு லயத்தில் கூட்டம் நடந்தபோது ஒரு அக்கா இப்படிக் கேட்டார். இருந்த பலரும் தலையாட்டினார்கள். அவர் கேட்டதில் பிழையில்லை. சம்பளத்துண்டில் சேமலாப நிதி வெட்டு இருக்கிறது, சந்தா இருக்கிறது, கோயில் வெட்டு இருக்கிறது, கடன் வெட்டு இருக்கிறது. வரி என்று மட்டும் ஒன்றுமில்லை.

பாடசாலையில் சதவீதக் கணக்குப் படிப்பிக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறோம். பெறுமதி சேர் வரி, அதாவது வற், இன்று 18 வீதம். வரியோடு சேர்த்து 118 ரூபா விலையுள்ள ஒரு சாமானை வாங்கினால், அதில் 18 ரூபா வரி. அரிசி போன்ற சில சாமான்களுக்கு இது இல்லை. சவர்க்காரத்துக்கு உண்டு, பிஸ்கட்டுக்கு உண்டு, பிள்ளையின் சப்பாத்துக்கு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் டீசலுக்கும் உண்டு. தோட்டத்துக் கடைக்காரர் வரிக்குப் பதிவு செய்யாதவராக இருக்கலாம். ஆனால் கம்பனி அவருக்குப் போடும் விலையிலேயே வரி ஏறித்தான் வருகிறது. ஆகவே அக்கா, நீங்களும் வரி கட்டுகிறவர்தான். ரசீதுதான் கிடைப்பதில்லை.

சரி, அப்படியானால் வரியைக் குறைப்போம் என்று மேடையில் சொல்கிறவரை நம்பலாமா? "அரசியல்வாதி சொன்னதைச் செய்யமாட்டான்" என்று நம்மில் அநேகர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் நாங்கள் வேறுபடுகிறோம். இந்த நாட்டில் மிகப் பெரிய வரிக் குறைப்பு வாக்குறுதி நிறைவேற்றப்பட்டது. அதுவும் மின்னல் வேகத்தில்.

2019 நவம்பர் 16 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். நவம்பர் 27 ஆம் திகதி வரிக் குறைப்பு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 1 முதல் வற் 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இல்லாமற் போனது. வருடத்துக்கு 12 இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பளம் எடுத்தவர்தான் அதுவரை வருமான வரி கட்டினார். அந்த எல்லை 30 இலட்சமாக உயர்ந்தது. வருடம் 1 கோடி 20 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம் செய்தவர் வற் வரிக்குப் பதிய வேண்டியிருந்தது. அது 30 கோடியானது.

இதே தேர்தலில் எங்களுக்கும் ஒரு வாக்குறுதி இருந்தது: நாட்சம்பளம் 1,000 ரூபா. 2020 மார்ச் முதல் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபை வர்த்தமானி போட்ட பிறகு. அவர்களுக்கு இரண்டு கிழமை, எங்களுக்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல். எந்த வாக்குறுதி ஓடும், எது ஊர்ந்து வரும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

அந்தக் குறைப்பில் எங்கள் வீட்டுக்கு என்ன வந்தது? சீனியை எடுத்துக்கொள்வோம், சாயத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி கிலோவுக்கு இருந்த 50 ரூபா விசேட பண்ட வரியை 25 சதமாக்கினார்கள். ஐம்பது ரூபா! அடுத்த நாள் கடையில் சீனி ஐம்பது ரூபா குறைந்ததா? யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். அரசாங்கத்துக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு என்று பின்னர் பாராளுமன்றக் குழுவில் தெரியவந்தது. அந்தப் பணம் போனது இறக்குமதியாளர் பைக்கு. வரி ஏறினால் அன்றைக்கே விலை ஏறுகிறது, இறங்கினால் பழைய ஸ்டொக் இன்னும் முடியவில்லை என்கிறார்கள்.

வரிப் பணம் குறைந்ததும் திறைசேரியில் ஓட்டை விழுந்தது. பழைய கடன், கொரோனா, ஒரே இரவில் வந்த இரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்துகொண்டன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வருமானம் குறைந்த அரசாங்கத்துக்கு வெளியில் கடன் கிடைப்பது கஷ்டமானது, உள்ளே காசு அச்சடிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. அந்த செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. எங்கள் 1,000 ரூபா 1,000 ரூபாவாகவே நின்றது, 2024 செப்டம்பர் வரை. கோதுமை மா விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. பகல் சாப்பாடு இல்லாமல் வகுப்பில் தலை சாய்த்திருந்த பிள்ளைகளையும் மறக்கவில்லை.

ஓட்டையை அடைத்தது யார்? வற் 2022 ஜூனில் 12, செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. 2019 இல் இருந்ததைவிடக் கூட. அது மட்டுமல்ல, 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. எங்கள் ஊழியர் சேமலாப நிதியின் முறிகளைத் தொட்டார்கள். மாற்றிய முறிகளுக்கு 2026 வரை 12 வீத வட்டி, அதற்குப் பிறகு 9 வீதம். சம்மதிக்காவிட்டால் 30 வீத வரி என்றார்கள். 2019 இல் பெரிய கம்பனிக்கு விட்டுக்கொடுத்த வரிக்கு, ஐம்பத்தைந்து வயதில் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கப்போகும் அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுக்கிறார்கள். நாங்கள் கோபப்படுவது இதற்குத்தான்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அன்று ஆட்சியில் இருந்தவர்களும் மூத்த அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அதனால் யாருடைய சேமலாப நிதிக்கும் ஒரு சதம் திரும்பவில்லை.

இப்போதைய அரசாங்கமும் 2024 தேர்தலில் உணவு, மருந்து, கல்விப் பொருட்களுக்கு வற் நீக்குவதாகச் சொல்லித்தான் வந்தது. அது எங்களுக்குப் பயன்படும் வரிக் குறைப்பு, அதை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் 2025 ஏப்ரலில் முன்னால் வந்தது வருமான வரி எல்லை உயர்வு: மாதம் ஒரு இலட்சத்திலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு. 2024 வர்த்தமானிப்படி 1,350 ரூபா, 25 நாள் முழுப் பேர் விழுந்தாலும் 33,750. பிறகு கூடினாலும் அந்த எல்லை எங்கள் கண்ணுக்கெட்டாத தூரம். இதைக் கேட்பதால் நாங்கள் எந்தக் கட்சிக்கும் எதிரி ஆகிவிடமாட்டோம்.

கிளைக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலுக்கு யார் எங்கள் மைதானத்துக்கு வந்து வரியைக் குறைப்போம் என்றாலும், மாலை போடுவதற்கு முன் கேளுங்கள்: யாருடைய வரி? எந்தச் சாமானுக்கு? அந்தக் காசுக்குப் பதிலாக எங்கேயிருந்து எடுப்பீர்கள், சேமலாப நிதியிலிருந்தா? பதிலையும் திகதியையும் சந்தாக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, சொன்னவரிடமே கையெழுத்து வாங்குங்கள். எழுத வசதியில்லாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், சதவீதக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கையெழுத்திட்ட பக்கத்தின் படத்தை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். கையெழுத்திட மறுத்தவர்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் இந்தச் சஞ்சிகையில் போடுவோம்.