கணக்கு தெரிந்த காதுகள்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரள எல்லை தாண்டி, பாறசாலை வழியாக வந்து நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவிலில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் தலைநகரை அடைந்ததும், கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகளும் கச்சேரி. 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்கு முடிகிற அந்தக் கச்சேரியில் யாரும் கைதட்டக் கூடாது.

அப்படியானால் கேட்பவர்கள் பாராட்டை எப்படித்தான் காட்டுகிறார்கள்? அவர்களுடைய கைகளைப் பார்க்க வேண்டும். வலது உள்ளங்கை தொடையில் விழுகிறது, விரல்கள் ஒவ்வொன்றாகப் பெருவிரலைத் தொட்டு எண்ணுகின்றன, கை புரள்கிறது, மறுபடி விழுகிறது. பாடுகிறவர் தாளத்துக்கு எதிராக நீந்திப்போய்ச் சரியாக எடுப்பில் வந்து இறங்கும்போது, மண்டபத்தில் அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் அசைகின்றன. 2006-இல் அந்த மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண் உட்கார்ந்து பாடினார். பாறசாலையில் பிறந்த பி. பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 81. பல தலைமுறைகளாக மூடியிருந்த வாசல் அன்றைக்குத் திறந்தது. அன்றும் கைதட்டல் கிடையாது. சபை எண்ணிக்கொண்டே கேட்டது.

எண்ணிக்கொண்டே கேட்கும் இந்தப் பழக்கம் இருப்பதால்தான், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்த ஒரு இசைத்தட்டைப் பற்றிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, கடலோரப் பொழியூர் வட்டாரத்தில் பேசலாம். அந்த வகை இசைக்கு 'மேத் ராக்' என்று பெயர். தமிழில் சொன்னால் கணக்கு ராக். சாதாரண ராக் பாட்டு நான்கு நான்காக எண்ணி நடக்கும். இந்த வகை ஐந்து, ஏழு, பதினொன்று என்று நடக்கும், நடுவழியில் நடை மாறும், எங்கே சமம் விழும் என்று தெரியாமல் கேட்பவரைக் காத்திருக்க வைக்கும். பெயரே கிண்டலில் பிறந்ததுதான். நியூயார்க் கித்தார் கலைஞர் மேட் ஸ்வீனி அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவருடைய நண்பர் ஒருவர் பாட்டு முடியும்வரை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கேட்டுவிட்டு, கால்குலேட்டரை எடுத்து, பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கணக்குப் போடுவதுபோல் நடிப்பாராம். அந்தக் கேலிதான் ஒரு இசை வகைக்கே பெயராக நிலைத்தது.

தமிழில் அது கேலியாகவே முடியாது. தவில்காரரைப் பார்த்து "கணக்கில் புலி" என்றால் அதைவிடப் பெரிய பட்டம் வேறில்லை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியே கணக்குக்காகத்தான் பேர்பெற்றது. அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாட உட்காருகிறவர் முதலில் சந்தத்தைத்தான் பிடித்தாக வேண்டும். கோவில் திருவிழாவில் செண்டைக்காரர்களின் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகச் சுருங்கி 6-இல் வந்து முடியும்போது, முன்வரிசையில் நிற்பவர்கள் காற்றில் கையை வீசி ஒவ்வொரு அடியையும் கூடவே எண்ணுகிறார்கள். அவர்களில் பலர் சங்கீதம் படித்தவர்கள் இல்லை. அங்கே நின்று நின்றே பழகிய காது அது.

இனி அந்த இசைத்தட்டு. லூயிவில் நகரத்துப் பையன்கள் நால்வர், இருபது வயதை ஒட்டியவர்கள், ஸ்லிண்ட் என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1990 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய்ச் சில நாட்களில் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். 'ஸ்பைடர்லேண்ட்' என்ற அந்த ஆல்பத்தை டச் அண்ட் கோ என்ற சிறிய நிறுவனம் 1991 மார்ச்சில் வெளியிட்டது. தட்டு கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. அதை விற்க ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆள் இல்லை. உறையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று: கல் வெட்டிய குளத்தில் கழுத்தளவு நீரில் நான்கு தலைகள், நான்கு சிரிப்புகள். அவ்வளவுதான். பெரிய வானொலிகள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைக் காப்பாற்றியவர்கள் கேட்டவர்கள்தாம். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி, தட்டு வந்த அதே மாதம், லண்டன் வாரப்பத்திரிகை 'மெலடி மேக்கர்' இதழில் மதிப்புரை எழுதினார். பத்து ஆண்டு கழித்து இதை உலகம் கொண்டாடும், இவர்களை நேரில் பார்க்கத் தவறியவர்கள் வருத்தப்படுவார்கள் என்ற பொருளில் அவர் எழுதியது அப்படியே நடந்தது. ஒருவர் கேசட்டில் பதிந்து இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் தன் ஊரில் ஒரு குழுவே தொடங்கினார். இப்படிக் கைமாறிக் கைமாறி, கலைந்துபோன குழுவின் தட்டு ஒன்று பல நாட்டு இளைஞர்களுக்குப் பாடப்புத்தகமாகிவிட்டது. 2005-இல் அந்த நால்வரில் மூவர் மறுபடி மேடை ஏறியபோது அரங்கம் நிறைய ஆள் இருந்தது. 2014-இல் அவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது.

அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு 'நோஸ்ஃபெராட்டு மேன்'. இதைக் கேட்க கித்தார் தெரிய வேண்டியதில்லை. மேசையில் விரலால் 'தக தகிட, தக தகிட' என்று தட்டிக்கொண்டே போனால் போதும். கண்டம், ஐந்து. பாடகர் கிட்டத்தட்ட முணுமுணுக்கிறார், கித்தார் கீச்சென்று கிழிகிறது, விரல் ஐந்திலேயே ஓடுகிறது. திடீரென்று ஒரு இடத்தில் விரல் தவறும். அங்கே நடை ஆறுக்கு மாறியிருக்கும். அந்தத் தவறும் நொடியில் நெஞ்சில் ஒரு சின்னத் திடுக்கிடல் வருகிறதே, அதற்காகத்தான் இந்த இசையே. மூன்றாம் முறை கேட்கும்போது திடுக்கிடல் போய், மாற்றம் வருவதற்கு முன்பே விரல் அதை எதிர்பார்த்து நிற்கும். கேட்பவர் ரசிகராக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஆனால் எத்தனை அட்சரம் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் ரசித்ததாகிவிடாது. பல்லவியில் கணக்கை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும் வித்துவானிடம் பழைய ரசிகர்கள் "சர்க்கஸ்" என்று எழுந்து போயிருக்கிறார்கள். மேத் ராக் என்ற பெயரில் வரும் பல தட்டுகளுக்கும் அதே நோய் உண்டு. விரல் வேகத்தைக் காட்டிவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாமல் முடிந்துவிடும். 'ஸ்பைடர்லேண்ட்' நிலைத்ததற்குக் காரணம், கணக்கு உள்ளே ஒளிந்திருப்பது. வெளியே கேட்பது பயமும் தனிமையும்தான்.

கடைசிப் பாட்டான 'குட் மார்னிங், கேப்டன்' ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. கப்பல் உடைந்து, தான் மட்டும் பிழைத்துக் கரை சேர்ந்த ஒரு கேப்டன் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறார். உள்ளே ஒரு சிறு பிள்ளை. கித்தார் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. அதுவரை தாழ்ந்த குரலில் கதை சொல்லி வந்தவர் முடிவில் தாங்கமாட்டாமல் கத்திவிடுகிறார். இதைப் பருவ வயது முடிவின் வலி என்று கேட்பவர்கள் உண்டு. பொழியூரில் அப்படிக் கேட்க முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் அடித்தபோது இந்தக் கரை முழுவதும், பொழியூரிலிருந்து நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் வரை, கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. இரண்டு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. கடலிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டுகிறவனின் பாட்டு இங்கே வேறு பாட்டு. அதை எழுதிய இருபது வயதுப் பையன்கள் கடலோரத்தில் வளர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் இந்தக் கரையில் கேட்பவர் ஒருவர் அதில் கண்டெடுக்கும் பொருள், எழுதியவர்களே வைக்காத பொருளாக இருக்கலாம். ஒரு ஆல்பத்துக்குக் கேட்பவர்கள் தரக்கூடிய மிகப்பெரிய மரியாதை அது.

இன்னொரு உதாரணமும் உண்டு. இலினாய் மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற பெயரில் 1999-இல் ஒரே ஒரு முழு ஆல்பம் போட்டுவிட்டுப் பிரிந்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அந்தத் தட்டைக் கேட்டவர்களே அதை வளர்த்தார்கள். 2014-இல் அது மறுபதிப்பு கண்டது, குழு மீண்டும் சேர்ந்தது. உறையில் இருந்தது அர்பானா நகரத்து வீடு ஒன்றின் மாடிப் படம். கேட்டவர்கள் அந்த வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். வீடு கைமாறி இடிபடக் கூடாது என்று 2023-இல் இசை நிறுவனமும் குழுவும் சில நண்பர்களும் சேர்ந்து அதை விலைக்கே வாங்கிவிட்டார்கள். விளம்பரம் கொண்டுவந்த கூட்டமாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டு நின்றிருக்காது.

இங்கே நடந்ததும் சொல்லத் தக்கதுதான். மின்கித்தாரில் ஒற்றைப்படைத் தாளங்களை வாசித்துப் புகழின் உச்சியில் இருந்த ஜான் மெக்லாஃப்லின், ராமநாதபுரம் ராகவன், விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோருடன் சேர்ந்து 1976-இல் 'ஷக்தி' ஆல்பத்தை வெளியிட்டார். பழைய ரசிகர்கள் பலர் ஏமாந்தார்கள். குழு 1978-இல் நின்றுபோனது. ஆனால் தட்டைக் கேட்டவர்கள் விடவில்லை. 1997-இல் அது மறுபடி துளிர்த்தது, 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு 2024-இல் கிராமி விருது வந்தது. கொச்சியின் மதர்ஜேன் 2008-இல் தந்த 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜனின் கித்தார் கமகம் பேசுகிறது. அதே 2008-இல் திருவனந்தபுரத்தின் 'அவியல்' குழு மலையாளத்தில் ராக் ஆல்பம் போட்டது. சென்னையின் 'ஜடாயு' குழு கர்நாடக ராகங்களையும் தாளங்களையும் கித்தாருக்குக் கொண்டுவருகிறது. இவை எல்லாமே கணக்கு ராக் இல்லை என்பது உண்மை. ஆனால் இவற்றைக் கேட்டவர்களுக்கு அந்தப் பக்கம் போகும் வழி புதிதாக இருக்காது.

அப்படியிருக்க, இந்த வட்டாரத்து இளைஞர் ஒருவருக்கு இவையெல்லாம் எப்படிக் கிடைக்கின்றன? தனியாக. கைப்பேசியில், காதுக்குள், யாரிடமும் சொல்ல வழியில்லாமல். பாட்டு முதல் அரை நிமிடத்தில் பிடிக்கவில்லையென்றால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண் ஒன்றே தரம் என்றாகிவிட்டது. முதல் முறை புரியாது, மூன்றாம் முறைதான் பிடிபடும் என்கிற இசைக்கு இந்த ஏற்பாட்டில் இடமே கிடையாது. திருவிழா மேளத்தை முன்வரிசையில் நின்று பழகியது போல, நவராத்திரி மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பார்த்து ஆதி தாளம் பழகியது போல, இதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தமிழ் நாளிதழ்களுக்கும் இதில் பங்கு உண்டு. புதுப்படப் பாட்டு வெளியீட்டுக்கு அரைப்பக்கம் தரும்போது, எங்கோ ஒரு அறையில் நான்கு பேர் பதிவு செய்த ஆல்பத்துக்கு மாதம் ஒரு பத்தியாவது தர முடியும்.

"இது ஆங்கிலக் கூச்சல், நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வகையின் பல ஆல்பங்களில் பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம்தான். 2000-இல் டோக்கியோவில் தொடங்கிய 'டோ' குழுவின் 2005 ஆல்பத்தைக் கேட்பவருக்கு ஜப்பானிய மொழி தேவைப்படுவதில்லை. ஐந்தும் ஏழும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அவற்றுக்குக் கண்டம், மிஸ்ரம் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மண்ணில் இந்தக் கேள்வியே எழக் கூடாது.

பொழியூருக்கு இதில் ஒரு தனித் தகுதி இருக்கிறது. சந்தோஷ் டிராபிக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய கால்பந்து ஊர் அது. அந்த ஊரின் ஆட்டத்தைக் கடற்கரை மணலில் ஆடியவர்களோடு சுற்றி நின்று பார்த்தவர்களும் வளர்த்தார்கள். எது நல்ல பாஸ், எது வெறும் ஓட்டம் என்று கரையில் நிற்பவருக்கும் தெரிந்த ஊரில்தான் ஆட்டம் தரமாகும். பாட்டுக்கும் அதே கதைதான்.

இடமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தால் கேரளத்தின் கிராமங்களில் வாசகசாலைகள் இருக்கின்றன. பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, மாலையில் வந்து உட்காரும் பழக்கமும் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு ஆல்பம். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் பேச்சில்லாமல், கைப்பேசியை எடுக்காமல். முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு. செண்டை தெரிந்த ஒருவர், தவிலோ மிருதங்கமோ தெரிந்த ஒருவர், கித்தார் பழகும் மாணவர் ஒருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எந்த இடத்தில் விரல் தவறியது என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

'ஸ்பைடர்லேண்ட்' நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் மாதத்துக்கு அது சரி. அடுத்த மாதம் 1976-இன் 'ஷக்தி', அதற்கடுத்து 'மக்தூப்'. நவராத்திரி வரும் மாதத்தில் பாறசாலை பொன்னம்மாள்.