எனக்கென்று ஒரு கோப்பை



வீட்டில் கோப்பி போட்டால் கடைசியாகக் குடிப்பவர் யார்? எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்த பிறகு, அடியில் மிஞ்சியதை, அதுவும் ஆறிப்போன பின் குடிப்பவர்கள் நாங்கள்தானே. நானும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தோடுதான் 2019 இல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒரு பழைய கோப்பிக் கடை வாசலில் போய் நின்றேன்.

அங்கே படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் மகள்தான் கூட்டிப் போனாள். கின்சா என்னும் பெரிய கடைவீதிப் பகுதியில், ஒரு சிறிய தெருவில் இருக்கிறது அந்தக் கடை. பெயர் 'கஃபே டி லாம்ப்ர்'.

"பெரியம்மா, இங்க தேத்தண்ணி கேட்டுப் போடாதேங்கோ. கோப்பி மட்டும்தான்" என்றாள்.

இத்தகைய பழைய கடைகளை ஜப்பானியர் 'கிஸ்ஸாத்தென்' என்கிறார்கள். தேநீர் அருந்தும் கடை என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் பேர் பெற்றது கோப்பிக்குத்தான்.

உள்ளே மங்கலான வெளிச்சம். நீண்ட மேசையின் முன் இருவரும் அமர்ந்தோம். மேசைக்கு அப்பால் நின்றவர் எனக்கென்று ஒரு கோப்பைக்கு அளவான கொட்டையை எடுத்து அப்போதே அரைத்தார். கம்பி வளையத்தில் தைத்த துணிப்பையில் தூளை இட்டார். குழந்தைகளைச் சுற்றிவைப்போமே, அந்தப் பிளனல் துணிதான். ஒரு கையில் பையைப் பிடித்தபடி, மறுகையால் சுடுநீரை நூல் போல மெல்லியதாக ஊற்றினார். தூள் பொங்கி எழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினார். அவசரமே இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்கிய கோப்பியைச் சிறிய சட்டியில் பிடித்து, மெல்லச் சூடுகாட்டி, சிறிய கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

இந்தக் கடையைத் தொடங்கியவர் இச்சிரோ செகிகுச்சி. தொடங்கிய ஆண்டு 1948. அந்த ஆண்டைக் கவனியுங்கள். 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் இறந்தார்கள். நகரின் பெரிய ஒரு பகுதி சாம்பலாயிற்று. போர்க்காலத்தில் கோப்பி இறக்குமதியும் நின்றுபோனது. சனங்கள் சோயா அவரை போன்றவற்றை வறுத்து இடித்துக் கோப்பி என்று குடித்தார்கள். இறக்குமதி மறுபடி தொடங்கியது 1950 இல்தான்.

அப்படியானால் 1948 இல் கோப்பிக்கு எங்கே போனார்? வேறு நாட்டுக்கு அனுப்பவிருந்த சுமாத்திராக் கொட்டைகள் போரினால் போக வழியின்றிக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தனவாம். பழசு, இனி உதவாது என்று மற்றவர்கள் ஒதுக்கக்கூடிய சரக்கு. அவர் அதை எடுத்து வறுத்துப் பார்த்தார். கடுப்புத் தணிந்து, ஆழமான ஒரு சுவை வந்தது. அதன் பிறகு கொட்டைகளைத் தாமாகவே 10 ஆண்டு, அதற்கும் மேலாகப் பக்குவமாய் வைத்திருந்து வறுப்பது இக்கடையின் வழக்கமாயிற்று. நூறு வயது கடந்தும் தம் கையாலேயே வறுத்தவர், நான் போவதற்கு முந்திய ஆண்டு, 2018 இல், 103 வயதில் காலமானார்.

போர் நல்லதைத் தந்தது என்று சொல்ல வரவில்லை. போர் எதையும் தரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மனிதர் எஞ்சிக் கிடந்ததைக் கையில் எடுத்துச் சுவைத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

நான் குடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். தங்கை மகள் பயந்துபோனாள். "என்ன பெரியம்மா, கைக்குதோ?" என்று கேட்டாள். கைப்புத்தான். ஆனால் அழுகை அதற்கில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எனக்கென்று மட்டும் இத்தனை கவனமாக ஒன்றைச் செய்து தந்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கணக்குத் தெரியவில்லை.

ஊருக்கு வந்து நானே ஒரு பிளனல் பை தைத்தேன். நீங்களும் தைக்கலாம். புதுத் துணியை முதலில் நன்றாகக் கொதிக்க வைத்து அலசுங்கள். தூளைச் சற்றுக் கரடாக வைத்திருங்கள். கொதித்த நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு மெல்ல ஊற்றுங்கள். பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், காயவும் விடவேண்டாம். தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். காய்ந்தால் துணியில் ஊறிய எண்ணெய் சிக்கு மணம் பிடித்துவிடும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு கோப்பை போடுங்கள். மிஞ்சியது அல்ல, உங்களுக்கென்றே போட்டது. சூடாக இருக்கும்போதே, இருந்து குடியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.