இருபதாயிரம் ரூபாய் கிட்டாரும் அரை மணி நேர வேலையும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி, சைக்கிள் டயர், கோழிக்குஞ்சு இவற்றுக்கு நடுவே எலெக்ட்ரிக் கிட்டாரும் விலைக்கு வரும். கம்பி துருவேறியிருக்கும், ஒன்றிரண்டு அறுந்திருக்கும். உடம்பில் திருகியிருக்கும் வெள்ளைத் தகட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கம்பெனியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பல கிட்டார்களில் இன்னும் உரிக்கப்படாமலே இருக்கும். வாங்கினார்கள், பத்து நாள் தடவினார்கள், பரணில் ஏற்றினார்கள்.

பம்மலில் மாடி அறையில் கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளை நின்றுபோனால் பெற்றோர் சொல்வது, "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல மிஸ்." கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள், "சீப்பான கிட்டாரா வாங்கிட்டோம், அதான்" என்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை. அந்தக் கிட்டாரை யாரும் செட்டப் செய்து, அதாவது கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிபண்ணிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மலிவு விலைக் கிட்டார் மீது நமக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது. ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு பிள்ளை வந்தால், கூட வந்த அம்மா, "இது ஃபெண்டரோட டூப்ளிகேட்டா மிஸ்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். டூப்ளிகேட் இல்லை. ஃபெண்டர் கம்பெனியே விற்கும் குறைந்த விலை மாடல் அது. அப்படியே நகல் என்று வைத்துக்கொண்டாலும், ஹேம்லெட்டைத் தமிழ் மேடையில் அமலாதித்யன் ஆக்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வராது.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1954-இல் அவர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கழற்றிப் பார்த்தால் ரிப்பேர்காரர் மூளை தெரியும். கழுத்தை உடம்போடு பிடித்திருப்பவை நான்கு திருகாணிகள். வயரிங் முக்கால்வாசி அந்த வெள்ளைத் தகட்டிலேயே தொங்கும். கெட்டதைக் கழற்று, புதியதை மாட்டு. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்வதற்கென்றே பிறந்த பொருள் இது. அதை இந்தோனேஷியாவில் மெஷின் அறுத்தால் என்ன, அமெரிக்காவில் அறுத்தால் என்ன?

தஞ்சாவூர் வீணைக்கு இந்த நியாயம் செல்லாது. அங்கே குடைந்த பலாமரமும் ஆசாரியின் கையும்தான் நாதம். சாலிட் பாடி கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிக்கப் வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் காதுக்கு எட்டும் வித்தியாசம் அதில் கிடையாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில் இருந்ததும் எலெக்ட்ரிக் வாத்தியம்தான். அதில் கமகம் வரவில்லையா என்ன?

ஸ்குவையர் என்பது அமெரிக்காவின் பேட்டில் கிரீக்கில் இருந்த பழைய கம்பித் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர். ஃபெண்டர் அதை 1965-இல் வாங்கியது. அதே ஆண்டு ஃபெண்டரை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. எழுபதுகளில் ஃபெண்டரின் தரம் சரிய, டோக்காய், கிரேக்கோ போன்ற ஜப்பான் பிராண்டுகள் அசலைவிட ஒழுங்கான நகல்களை விற்றன. வேறு வழியில்லாமல் ஃபெண்டரே 1982-இல் ஜப்பானில் செய்ய ஆரம்பித்தது. அப்போது ஃபூஜிஜென் ஆலையில் பிறந்த ஜேவி வரிசை ஸ்குவையர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். யென் மதிப்பு ஏற ஏற வேலை கொரியாவுக்குப் போனது, எண்பதுகளின் கடைசியில் கொஞ்ச காலம் இந்தியாவிலும் நடந்தது, பிறகு சீனா, இந்தோனேஷியா. கூலி எங்கே குறைவோ அங்கே கிட்டார்.

விலையை எங்கே குறைக்கிறார்கள் என்பதுதான் விஷயம். மெஷின் அறுப்பு எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிக்கப்பில் அல்னிகோ காந்தத்துக்குப் பதில் செராமிக், பொடி சைஸ் வால்யூம் பாட், கொஞ்சம் மெலிந்த உடம்பு. இவற்றோடு வருஷக்கணக்கில் வாழலாம். குறைவதில் முக்கியமானது கடைசிக் கைவேலை. கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் சின்ன வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். அதில் ஆறு பள்ளங்களையும் சரியான ஆழத்துக்கு அரத்தால் அறுக்க, தெரிந்த கை வேண்டும், நேரமும் வேண்டும். ஆழம் கூடினால் கம்பி இரைந்து கிட்டார் திரும்பி வந்துவிடும். குறைந்தால் இரையாது, யாரும் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். அதனால் ஆலைக்காரர் பள்ளத்தை மேலோட்டமாகவே விட்டுவிடுகிறார்.

விளைவைப் பிள்ளை அனுபவிக்கிறது. வீணை மெட்டு போலக் கழுத்தின் குறுக்கே பதித்திருப்பவை ஃப்ரெட்டுகள். முதல் ஃப்ரெட்டில் கம்பி உயரத்தில் நிற்கிறது; பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. போனில் ட்யூனர் பார்த்துச் சுருதி சேர்த்தாயிற்று, பச்சை விளக்கும் எரிந்தது, ஆனாலும் சி கார்டு புளிக்கிறது. அடுத்து, முதல் ஃப்ரெட்டிலேயே அழுத்த வேண்டிய எஃப் கார்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது நட்டின் குற்றம் என்று எப்படித் தெரியும்? தன் விரலைத்தான் நொந்துகொள்ளும்.

சென்ற ஆண்டு ஆன்லைனில் வந்த ஒரு புதுப் பெட்டியை என் அறையில் பிரித்தோம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி உயரம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். ஃபெண்டர் சொல்லும் அளவு பதினேழாம் ஃப்ரெட்டிலேயே 1.6 மில்லிமீட்டர்தான். ஆலன் கீயால் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் திருப்பு, பாலத்தில் கம்பிகளைத் தாங்கும் ஆறு சாடிலையும் இறக்கு, நட்டை அறு, ஆக்டேவ் சுருதியைச் சரிபார். அரை மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி. பையன் வாசித்துப் பார்த்துவிட்டு, "மிஸ், வேற கிட்டார் மாதிரி இருக்கு" என்றான்.

"முதல்ல இதுல பழகட்டும், அப்புறம் நல்லதா வாங்கிக்கலாம்" என்கிற அப்பாக்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அமெரிக்காவில் செய்தது ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. ஸ்குவையர் இருபதாயிரத்தை ஒட்டிக் கிடைக்கிறது. தாராளமாக வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையர், பை, பெல்ட் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு வரும் காம்போ பெட்டி மட்டும் வேண்டாம். அதன் முறுக்காணி சுருதியில் நிற்காது, எந்த அரமும் அதைக் காப்பாற்றாது. வீடியோ பார்த்துவிட்டு, கிட்டார் விலைக்கே பிக்கப் வாங்கி மாட்டும் காலேஜ் பையன்களிடமும் சொல்கிறேன்: முதலில் நட்டைப் பார், தம்பி.

செட்டப் செய்யாத கிட்டாரைக் கடைக்காரர்கள் விற்கவே கூடாது என்பது என் கட்சி. கண்ணாடிக் கடையில் ஃபிரேமை முகத்தில் வைத்துப் பார்த்து, காதுப் பக்கம் வளைத்துத்தானே கொடுக்கிறார்கள்? கம்பி உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்று பில்லில் எழுதித் தரட்டும். அதற்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் நியாயம்தான். ஆன்லைன்காரர்கள் உள்ளூர் ரிப்பேர்காரரிடம் செட்டப் செய்துகொள்ள ஒரு கூப்பனைப் பெட்டியில் போடலாம்.

அதுவரை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். கடையில் கிட்டாரைக் கையில் வாங்கி, கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால், அறுத்துத் தரச் சொல்லுங்கள். "அதெல்லாம் கம்பெனி செட்டிங் மேடம், கை வைக்கக் கூடாது" என்பார். கம்பெனி கை வைக்காததால்தான் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு, பர்ஸைத் திறக்காமல் நில்லுங்கள்.