வேலியோரக் கண்ணி

உயிர்க்கொலை ஆகாதென்று வாயாற் சொல்லிவிடுதல் எளிது; இரவில் வந்து மந்தையைக் கொன்று செல்லும் விலங்கோடு போராடிப் பிழைப்பவன் அருகில் நின்று அதனைச் சொல்லுதல் அரிது. ஆதலின், வட அமெரிக்க நாட்டு ஆட்டுப்பண்ணைகளின் வேலியோரங்களிற் கயோட்டி என்னும் விலங்கிற்குக் கம்பிக் கண்ணி வைக்கும் வழக்கத்தைக் குறித்து எழுதப் புகும் யாம், பண்ணையுடையோனைக் கொடியவனென்று பழித்துத் தொடங்கோம். முதலில் அவன் குறையைக் கேட்போம். பின்னர்க் கண்ணியின் குற்றத்தை ஆராய்வோம்.

கயோட்டி நாயினத்தது, நரியினும் பெரிது, ஓநாயினும் சிறிது. அதன் பெயர் மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மொழியாகிய நாவாத்தலிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. எலி, முயல், பழம், செத்த விலங்கின் ஊன் ஆகிய எது கிடைப்பினும் உண்டு வாழ வல்லது. அத்தகையதற்கு வேலிக்குள் நிற்கும் ஆட்டுக்குட்டியினும் எளிய இரை யாது? இருளில் நுழைந்து, குட்டியின் தொண்டையைக் கவ்விக் கொன்று, வந்த வழியே மீண்டுவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேளாண்மைத் துறையார் 2014 ஆம் ஆண்டின் இழப்புகளைக் கணக்கிட்டபோது, கொல்விலங்குகளால் இறந்த செம்மறிகளிலும் குட்டிகளிலும் பாதிக்கு மேற்பட்டவை கயோட்டியால் இறந்தவையென்று கண்டனர். நோய், குளிர், ஈற்றுத் துன்பம் முதலிய பிற காரணங்களால் இறந்தவை, கொல்விலங்குகள் யாவற்றாலும் இறந்தவற்றினும் மிகுதியென்பதும் அக்கணக்குக் காட்டும் உண்மையே. ஆயினும், நோயால் இறந்த குட்டியைக் கண்டு வருந்துவோன், கிழித்தெறியப்பட்ட குட்டியைக் கண்டு சினங்கொள்ளுதல் இயற்கை.

அவன் தொழிலோ நாளும் மெலிந்து வருவது. 1942 ஆம் ஆண்டில் அந்நாட்டிலிருந்த செம்மறிகள் ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம். இன்றுள்ளவை ஏறத்தாழ 50 இலட்சமே. இவ்வீழ்ச்சிக்குக் கயோட்டியைக் காரணமாக்குதல் நேர்மையன்று. செயற்கை நூல் கம்பளியின் இடத்தைக் கவர்ந்தது, மக்கள் ஆட்டிறைச்சி உண்பது குறைந்தது, மேய்ப்பதற்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எனினும், இலாபம் குன்றிய தொழிலில் ஓரிரவில் நாலைந்து குட்டிகளை இழத்தல் சிறு பண்ணையுடையோனுக்குச் சிறிய இழப்பன்று. இதனை உணராதார் இப்பொருளைப்பற்றிப் பேசுதற்கு உரியரல்லர்.

இனிக் கண்ணி வைக்கும் முறை யாதெனிற் கூறுவோம். செம்மறிப் பண்ணையைச் சுற்றிப் பின்னற் கம்பிவேலி இட்டிருப்பர். கயோட்டி அதனைத் தாவிக் கடப்பதினும், அடியில் மண்ணைப் பறித்து நுழைவதையே பெரிதும் விரும்பும். ஒருமுறை நுழைந்த வழியே மறுமுறையும் வரும். அடிக்கம்பியில் ஒட்டிய மயிரும் மண்ணிற் பதிந்த அடியும் அவ்வழியைக் காட்டிக்கொடுக்கும். கண்ணி வைப்போன் மெல்லிய எஃகு வடத்தால் ஒரு வட்டம் அமைத்து, அத்துளையின் வாயிலே தொங்கவிட்டு, மறுமுனையை வேலிக்காலிலோ நிலத்தில் அறைந்த முளையிலோ பிணிப்பான். தலையை உள்ளே நீட்டி முன்செல்லும் விலங்கின் கழுத்தில் வட்டம் இறுகும்; திமிறத் திமிற இன்னும் இறுகும். இதற்குச் செலவு சிறிது, சுமை சிறிது, பனி உறைந்து பிறவகைப் பொறிகள் இயங்காத நாளிலும் இது இயங்கும். ஒருவனே ஒருநாளிற் பல வைத்துவிட்டு வீட்டிற்குச் சென்று உறங்கலாம்.

அவ்வுறக்கத்திலேதான் குற்றம் தொடங்குகின்றது. காவலாளன் கண்ணாற் காண்பான், கண்ணியோ காணாது. துளையில் நுழைவது கயோட்டியா, அண்டை வீட்டான் நாயா, மான்கன்றா, வளைக்கரடியா என்று அது வினவுவதில்லை. மந்தையைக் காக்க வளர்த்த நாயே கண்ணியிற் சிக்குதலும் கூடும். பெரிய விலங்கு இழுத்தால் அறுந்துவிடும் பூட்டும், குறிப்பிட்ட அளவுக்குமேல் இறுகாதபடி தடுக்கும் முடிச்சும் அமைத்து இக்கேட்டைக் குறைக்க முயல்கின்றனர். அம்முயற்சி போற்றத்தக்கதே, ஆயினும், குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு.

இக்குற்றம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று, இன்று தோன்றியதுமன்று. நற்றிணையின் 119 ஆம் பாட்டைப் பயின்றோர், தினையுண்ண வரும் பன்றிக்கென்று புனவன் மாட்டிய கல்லடாரிற் புலி வீழ்ந்த செய்தியை அறிவர். இலங்கை மலையகத்திற் காட்டுப்பன்றி முதலியவற்றிற்கென வைக்கும் கம்பிக் கண்ணிகளிற் சிறுத்தைகள் சிக்கி மாள்வது இன்றும் நிகழ்கின்றது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியிற் கண்ணியிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையொன்று, மீட்கப்பட்டும் சில நாளில் இறந்தது. கல்லடார் எஃகு வடமாயிற்று. வைத்தவன் கருதிய விலங்கு ஒன்றாகவும், வீழ்ந்த விலங்கு மற்றொன்றாகவும் முடிதல் மட்டும் மாறவில்லை.

கயோட்டியே சிக்கினும் வழக்கு முடிந்துவிடாது. எந்தக் கயோட்டி? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹாப்லாண்டு ஆராய்ச்சிப் பண்ணையில் ஆராய்ந்தோர் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இங்கே நினைக்கத்தக்கது. அங்கே ஆடுகளைப் பெரும்பாலும் கொன்றவை, மேய்ச்சல் நிலத்தையே தம் எல்லைக்குட் கொண்டு வாழ்ந்த, குட்டியீனும் இணைகள். இளையவற்றிற்கும் இடமின்றித் திரிவனவற்றிற்கும் அக்கொலையிற் பங்கு சிறிதே. யூட்டா மாநிலத்தில் இணைகளுக்கு மலடாக்கும் அறுவை செய்து ஆராய்ந்தோர், அவை மற்றவற்றினும் குறைவாகவே ஆடுகளைக் கொன்றனவென்று 2001 ஆம் ஆண்டில் எழுதினர். தம் குட்டிகளை ஊட்டும் பொருட்டே அவை பிறர் குட்டிகளை மிகுதியாகக் கொல்கின்றன என்பது இதனால் விளங்கும். அங்ஙனமாயின், வேலி நெடுகிலும் ஆண்டு முழுவதும் கண்ணி தொங்கவிட்டு, நுழைந்ததையெல்லாம் கொல்லுதல், குற்றவாளியை விட்டுத் தெருவிற் செல்வோரைத் தண்டித்தலோடு ஒக்கும்.

அன்றியும், ஆட்டின்மேற் செல்லாத இணையொன்று ஓரிடத்தில் வாழுமாயின், அது பிற கயோட்டிகளைத் தன் எல்லைக்குள் விடாது. அதனைக் கொன்றவன் தன் வேலிக்கு ஊதியமின்றி நின்ற காவலைக் கொன்றவனாவான். வெற்றிடமான நிலத்திற்குப் புதியவை வரும். அவை எத்தகையனவோ யாரறிவார்? அந்நாட்டு அரசின் ஏவலாளர் 2016 ஆம் ஆண்டில் மட்டும் 76,000 க்கு மேற்பட்ட கயோட்டிகளைக் கொன்றனர். வேட்டைக்காரரும் பண்ணையுடையோரும் கொன்றவை இதனுள் அடங்கா. இங்ஙனம் தலைமுறை தலைமுறையாகக் கொன்றும் விளைந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குச் சமவெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் வாழ்ந்த கயோட்டி, ஓநாய்கள் அழிக்கப்பட்டுக் காடுகள் திருத்தப்பட்டபின், கிழக்கே அட்லாண்டிக் கடற்கரை வரையிற் பரவிவிட்டது. இன்று சிக்காகோ மாநகரின் நடுவிலும் வாழ்கின்றது. கொலையின் தொகை வெற்றிக்கு அளவுகோலன்று.

“அப்படியாயின் கண்ணியைத் தடுத்துவிடுக” என்று சிலர் உடனே சொல்வர். யாம் அவ்வளவில் அமைதியுறோம். நஞ்சைப்பற்றி இத்தகைய வழக்கொன்று முன்னரே நிகழ்ந்தது. கொல்விலங்குகளுக்கு வைத்த நஞ்சு பிற உயிர்களையும் கொல்வது கண்டு, அரசுக்குரிய நிலங்களில் அதனை வைத்தலாகாதென்று குடியரசுத் தலைவர் நிக்சன் 1972 ஆம் ஆண்டில் ஆணையிட்டார். 1982 ஆம் ஆண்டில் ரேகன் அவ்வாணையை நீக்கினார். மந்தைக்கு வேறு காவல் காட்டாது கருவியை மட்டும் பறிக்கும் ஆணை நெடுநாள் நில்லாதென்பதே இதனின்று யாம் கொள்ளும் பாடம்.

வேறு காவல் இல்லாமலில்லை. பிரனீசு மலையிலும் அனத்தோலிய நாட்டிலும் மேய்ப்பர் பன்னெடுங்காலமாகப் பெருநாய்களைக் குட்டிப் பருவத்திலேயே ஆட்டோடு ஆடாக வளர்த்து, ஓநாயினின்று மந்தையைக் காத்துவந்தனர். 1970 களில் மாசசூசெட்சு மாநிலத்து ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்டு கோப்பிங்கரும் லோர்னா கோப்பிங்கரும் அத்தகைய நாய்களை வருவித்து, அமெரிக்கப் பண்ணையுடையோரிடம் அளித்து, அவை காக்கும் வகையை ஆராய்ந்தனர். இரவிற் பட்டியில் அடைத்தல், குட்டியீனும் காலத்திற் கொட்டிலில் வைத்தல், செத்த ஆட்டை வெளியே கிடக்கவிடாது புதைத்தல், வேலியின் அடியில் மின்கம்பி இடுதல் முதலியனவும் உள. இவற்றிற்கும் குறையுண்டு: நாய்க்கு நாள்தோறும் உணவு வேண்டும், பழக்கம் பிழைத்தால் வழிப்போக்கரைக் கடிக்கும், ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சுற்றி மின்வேலி இடுதல் இயலாது. சுருங்கச் சொல்லின், கண்ணி மலிவு; காவல் விலையுயர்ந்தது. உண்மையான வழக்கு இதுவே.

அவ்விலையைக் கொடுப்பார் யார்? யாக்கோபு தன் மாமனாகிய லாபானை நோக்கி வழக்குரைத்த இடத்தை வேதத்திற் காண்க. பீறுண்ட ஆட்டின் இழப்பைத் தானே ஏற்றதையும், பகலில் வெயிலும் இரவிற் குளிரும் வருத்தக் கண்ணுறக்கம் இழந்ததையும் அவன் எடுத்துச் சொல்கின்றான். மந்தை லாபானுடையது, இழப்போ மேய்ப்பனுடையது. இன்றும் அந்நிலை பெரிதும் மாறவில்லை. மலிந்த விலையிற் கம்பளியும் இறைச்சியும் வேண்டும் நகரத்தார், கயோட்டியும் வாழ வேண்டுமென்று விரும்புவர். அவ்விருப்பத்தின் விலையை மட்டும் மேய்ப்பன் தலையிற் சுமத்துவர். இது லாபானின் நீதியேயன்றி வேறன்று. கலிபோர்னியாவின் மாரின் மாவட்டத்தார் 2000 ஆம் ஆண்டளவில் வேறொரு வழியை மேற்கொண்டனர். கொல்விலங்கைக் கொல்லும் அரசு ஏவலாளரோடு செய்திருந்த உடன்படிக்கையை விட்டு, காவல்நாய், வேலி முதலியவற்றின் செலவிற் பண்ணையுடையோர்க்குப் பொதுப்பொருளிலிருந்து துணைசெய்யத் தொடங்கினர். விலங்கின்மேல் இரக்கமுடையோர் தம் பணப்பையையும் திறந்தமையால், அவ்வூராரின் இரக்கம் வாய்ப்பேச்சாய் ஒழியவில்லை.

ஆகவே எம் கருத்து இது. பிற காவல்களெல்லாம் செய்தும் கொலை நில்லாதவிடத்து, கொலை நிகழ்ந்த வேலியில், அக்கொலைக்குரிய துளையில், கொலை நிகழும் காலத்தில் மட்டும் கண்ணி வைத்தலை யாம் முற்றும் தடுக்கத் துணியோம். அங்ஙனம் வைப்பவன் ஒவ்வொரு நாட்காலையிலும் தானே சென்று பார்த்தல் வேண்டும். கழுத்திற் கம்பி இறுகிய ஓருயிரை இரண்டு நாளும் மூன்று நாளும் வேலியோரத்தில் துடிக்க விடுதற்கு எத்தகைய இழப்பும் நியாயமாகாது. வேலி நெடுகிலும் வைத்து மறந்துவிடுதலோ ஒருகாலும் ஆகாது. காவலின் செலவில் ஒரு பங்கை, அக்காவலால் நன்மை பெறும் மக்களனைவரும் ஏற்றல் வேண்டும்.

மந்தையின் அருகில் விழித்திருப்பவனே மேய்ப்பன். அவன் விழித்திருத்தற்கு வேண்டுவன கொடாமல், அவன் உறங்கும்போது வைத்த கண்ணியை மட்டும் பழிக்கும் உரிமை நமக்கு இல்லை. அவ்வுரிமையை முதலில் விலைகொடுத்துப் பெறுவோம். பின்னர், கண்ணில்லாத காவலனை வேலியினின்று அகற்றுக என்று அவனிடம் துணிந்து கேட்போம்.