ஒயினுக்குச் சுற்றுலா, கள்ளுக்கு வழக்கு

ஜெர்மனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து, வழிகாட்டி விளக்கிச் சொல்ல, ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது ஒரு சுற்றுலா. தமிழ்நாட்டில் பனையேறி தான் இறக்கிய கள்ளை விற்றால் அது போலீஸ் வழக்கு. இரண்டுமே புளித்த சாறுதான். ஒன்று பண்பாடாகவும் மற்றொன்று குற்றமாகவும் எப்படி ஆனது என்பதைச் சாதியைத் தொடாமல் பேச முடியாது.

மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்பேட்டைகளில் ஜெர்மன் கார், லாரி கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிருந்து பயிற்சிக்கு அங்கே போய் வருபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஸ்டுட்கார்ட் போனேன். ஊருக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் நகரம் அது. ஒரு சனிக்கிழமை நெக்கார் ஆற்றங்கரைச் சரிவுகளில் நடக்கும் ஒயின் சுற்றுலாவில் சேர்ந்துகொண்டேன்.

மண், வெயில் விழும் திசை, கல்லடுக்குச் சுவர், டிராக்டர் ஏற முடியாத சரிவில் கையாலேயே செய்யும் வேலை என்று வழிகாட்டி பேசிக்கொண்டே வந்தார். கோப்பையில் டிரோலிங்கர் ஒயின். யாரும் யாரையும் குடிகாரன் என்று பார்க்கவில்லை. கடைசியாகப் போன இடத்தின் பெயர் 'பெசன்'. துடைப்பம் என்று அர்த்தம். தோட்டக்காரர் வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கினால் கடை திறந்திருக்கிறது. தன் தோட்டத்து ஒயினைத் தன் வீட்டிலேயே, மதுக்கடை உரிமம் வாங்காமல், வருடத்துக்கு 4 மாதம் வரை, 40 இருக்கைகளுக்கு மிகாமல் விற்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது? பனை நம் மாநில மரம். ஆனால் 1987 முதல் கள் தடை செய்யப்பட்டிருக்கிறது. 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக்தான். கள்ளில் சுமார் 5 சதவீத ஆல்கஹால். டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம். வெளிநாட்டு ஒயினுக்கு டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் ஏசி அறையே உண்டு. ஆக, அரசுக்கு மதுவோடு சண்டை இல்லை. யார் தயாரிக்கிறார், யார் லாபம் பார்க்கிறார் என்பதில்தான் கணக்கு.

அந்தக் கணக்கு பழையது. 1897இல் கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கள்ளிறக்குவது அவர்களுடைய குலத்தொழில் என்பதே அவர்களை வெளியே நிறுத்தச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். குடித்தவருக்கு ஒட்டாத தீட்டு, இறக்கியவருக்கு மட்டும் ஒட்டியது.

அதனால்தான் நாராயண குரு ஈழவர்களிடம் கள்ளிறக்கும் தொழிலை விட்டுவிடச் சொன்னார். பெரியார் காங்கிரசில் இருந்தபோது தன் தோப்புத் தென்னைகளை வெட்டினார். பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்தவரும் அவரே. தொழிலை விட்டு வெளியேறியது விடுதலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிலில் இருப்பவரை இன்னும் இழிவு துரத்துகிறது. அந்த இழிவுக்கு இப்போது சட்டமும் துணை நிற்கிறது.

கள்ளில் கலப்படம் செய்கிறார்கள், ஏழைகள் சாவார்கள் என்பார்கள். 1985இல் ஆஸ்திரிய ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்தது அம்பலமானது. கலப்படக்காரர்களைத் தண்டித்தார்கள், ஒயின் சட்டத்தை இறுக்கினார்கள். திராட்சைச் சாறு புளிப்பதையே குற்றமாக்கவில்லை. இங்கே கள்ளைத் தடை செய்த பிறகும் 2023 மே மாதம் மரக்காணத்திலும், எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூரிலும் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 20க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகும் உழைப்பாளிகள். தடை அவர்களைக் காப்பாற்றவில்லை.

ஜெர்மனியைப் பார்த்து மயங்கச் சொல்லவில்லை. அங்கே அறுவடைக்கு வரும் ருமேனிய, போலந்துத் தொழிலாளிகளைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டி வாய் திறக்கவில்லை. புகழ்பெற்ற ஜெர்மன் ஒயின் சாலையை 1935இல் திறந்ததே நாஜி ஆட்சி. ஒயின் வணிகத்திலிருந்த யூதர்களைத் துரத்திய அதே ஆட்சி. பண்பாடு என்று நாம் ரசிப்பதை அதிகாரம்தான் பல நேரம் தயாரிக்கிறது. யாரைச் சேர்ப்பது, யாரை அழிப்பது என்று முடிவெடுப்பதும் அதுவே.

எனவே 'தமிழர் பாரம்பரிய பானம்' என்று கள்ளுக்கு மாலை போடும் அரசியலும் நமக்கு வேண்டாம். பெருமை பேசுகிறவர் மரம் ஏற மாட்டார். ஏறுகிறவருடைய பிள்ளையும் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே வைன்ஸ்பெர்க்கில் 1868இல் தொடங்கிய ஒயின் கல்விக்கூடம் இருக்கிறது. ஒயின் தயாரிப்பு அங்கே படித்துப் பெறும் தொழில். பிறப்பால் தலையில் கட்டும் தொழில் இல்லை. நமக்கும் வேண்டியது அதுதான்.

கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாட்டிலும் தடையை நீக்க வேண்டும். உரிமம் ஏலக்காரர்கள் கைக்குப் போகாமல் மரம் ஏறுபவருக்கும் அவர்களுடைய கூட்டுறவுக்கும் கிடைக்க வேண்டும். விழுந்தால் முழு இழப்பீடு, ஏறுவதற்குக் கருவி, தரப் பரிசோதனைக்கு ஆய்வகம், எந்தச் சாதிக்காரரும் வந்து படிக்கும்படி பயிற்சி, எல்லாம் அரசின் பொறுப்பு. பனையேறியின் மகள் ஒரகடத்தில் இன்ஜினியர் ஆவதற்கும், வேறு யாரோ ஒருவருடைய மகன் விரும்பிப் பனையேறி ஆவதற்கும் வழி இருக்க வேண்டும். இரண்டாவது நடக்காத வரை கள் இங்கே சாதியாகத்தான் இருக்கும்.