சிமெண்ட் தொட்டியும் பெரிய மோட்டாரும் இருந்தால் மீன் பிழைத்துவிடுமா?

வீட்டுக் கொல்லையில் மீன்குளம் அமைக்கலாம் என்று யாரிடம் யோசனை கேட்டாலும் அநேகமாக ஒரே பதில்தான் வருகிறது. நல்ல சிமெண்டில் தொட்டி கட்டுங்கள். சக்தி கூடிய மோட்டார் வாங்குங்கள். ஒரு ஃபில்டர், ஒரு யு.வி. விளக்கு, நடுவில் அழகுக்கு ஒரு நீரூற்று. பிறகு மீனை விட்டுத் தீனி போட்டால் போதும், குளம் தன்னால் ஓடும். கொத்தனாரும் இதைத்தான் சொல்கிறார், வண்ணமீன் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார். இதை நம்பிக் கட்டிய குளங்களில் முதல் மாதமே மீன்கள் ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதக்கும்போது, “நமக்கு மீன் ராசி இல்லை” என்று வீட்டுக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். ராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் சாமானுக்குப் பணம் கொட்டப்பட்டது. தண்ணீருக்குத் தேவையானதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த உயிர்கள் சாக வேண்டிய அவசியமே இல்லை என்பதால்தான் இந்த யோசனையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேச வசதியாக ஒரு குளத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 3 அடி. மொத்தம் 180 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் ஏறக்குறைய 5,100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

முதலில், சிமெண்ட்தான் நிரந்தரம் என்ற வாதம். சிமெண்ட் கெட்ட பொருள் அல்ல. புது சிமெண்ட்தான் மீனுக்கு எமன். பூசிய சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருப்பதால் தண்ணீரின் பி.எச். 9, 10 என்று ஏறிவிடும். அது மீனின் செவுளையும் தோலையும் அரிக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து அம்மோனியா வழியாக வருகிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, மற்றது கடும் விஷம். எது எவ்வளவு என்பதை பி.எச்.தான் தீர்மானிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8-ல் 7 சதவீதத்தைத் தாண்டும். பி.எச். 9-ல் 40 சதவீதத்துக்கும் மேல்.

இதை நம் குளத்தில் பொருத்திப் பாருங்கள். 1 கிலோ தீவனம் மீன் வயிற்றில் போய் வந்தால் சுமார் 30 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். தினம் 50 கிராம் போடுகிறீர்கள் என்றால் 1.5 கிராம். 5,000 லிட்டரில் அது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். பி.எச். 7 ஆக இருந்தால் இந்த ஒரு நாள் அளவை மீன் தாங்கிக்கொள்ளும். புது சிமெண்ட் தொட்டியில் பி.எச். 9 என்றால் அன்றைக்கே விஷப் பகுதி 0.13 மில்லிகிராம். செவுள் கெடத் தொடங்க 0.05 மில்லிகிராமே போதும். தொட்டி புதிது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன் ஏன் சாகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

சிமெண்டில்தான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பி.எச். 8-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்கும் வரை பல வாரம் பொறுத்திருங்கள். அல்லது குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று சான்று உள்ள பூச்சை உள்ளே அடியுங்கள். கொத்தனார் பத்து நாள் போதும் என்று சொன்னாலும் பி.எச். சோதனை சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

நிரந்தரம் என்பதும் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் பிளந்துவிடும். கம்பி கட்டாத செங்கல் தொட்டி அங்கே ஒன்றிரண்டு வருடத்தில் மூலையில் விரிசல் விடும். அந்த மண்ணுக்கு வளைந்துகொடுக்கும் விரிப்புதான் சரி. பண்ணைக்குட்டைகளுக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. விரிப்பு கிடைக்கிறது, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் விறைப்பாக இருப்பதால் சின்னக் குளத்தின் மூலைகளில் மடிப்பது சிரமம். 1 மி.மீ. தடிமனுள்ள ஈ.பி.டி.எம். ரப்பர் விரிப்பு துணி மாதிரி படியும், விலைதான் கூடுதல். சாதாரண நீலத் தார்ப்பாயை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஓரிரு கோடை வெயிலில் மொரமொரத்து, மடிப்புகளில் கசியும். விரிப்பின் அளவு: நீளத்தோடு இரண்டு பங்கு ஆழத்தைக் கூட்டி, கரைக்கு இரண்டு அடி சேர்க்க வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. நம் குளத்துக்கு 18 அடிக்கு 14 அடி. அடியில் கல் பொறுக்கி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் பழைய சாக்கு. பெருச்சாளித் தொல்லை உள்ள கொல்லை என்றால் சாக்குக்கு அடியில் கம்பிவலையும் வேண்டும். அந்த மாதிரி இடத்திலும் வேர் துளைக்கும் இடத்திலும் சிமெண்டுக்கே என் ஓட்டு.

அடுத்தது மோட்டார். பெரிதாக இருந்தால் நல்லது என்பதுதான் இந்த யோசனையிலேயே அதிகச் செலவு வைக்கும் பொய். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஃபில்டர் வழியாகப் போய்வந்தால் போதும். நமக்கு மணிக்கு 2,500 லிட்டரிலிருந்து தொடங்கலாம். மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. மோட்டாரை எதற்கு வைக்க வேண்டும்? அது நாளெல்லாம் ஓடினால் 9 யூனிட். நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; அதற்குள் 540 யூனிட் குளத்துக்கு மட்டும் போய்விடும். இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்த 40 வாட் நீர்மூழ்கி பம்ப் அதே இரண்டு மாதத்துக்கு 58 யூனிட்டில் முடித்துவிடும். பில்லைப் பார்த்துப் பயந்து பெரிய மோட்டாரைப் பகலில் நாலு மணி நேரம் மட்டும் போடுகிறார்கள். அங்கேதான் குளம் கெடத் தொடங்குகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பம்ப் வாங்கும்போது டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தண்ணீரை மேலே தூக்காமல் தரும் அளவு. பக்கத்திலேயே ‘ஹெட்’ என்று ஒரு எண் சின்னதாக இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. ஹெட் 3 மீட்டர், மணிக்கு 5,000 லிட்டர் என்று எழுதியிருந்தால், ஒன்றரை மீட்டர் உயர ஃபில்டரில் ஏறக்குறைய பாதிதான் விழும். அரை அங்குல பைப்பை மாட்டினால் அதுவும் இல்லை. ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலம் போடுங்கள். பம்பைத் தரையில் வைக்காமல் ஓர் அடி உயரத்தில் செங்கல்மேல் வையுங்கள். கசடு கொஞ்சம் தங்கும்தான், அதை வாரம் ஒருமுறை டியூப் போட்டு உறிஞ்சி எடுக்கலாம். என்றைக்காவது இரவில் பைப் கழன்று தண்ணீர் முழுவதும் தோட்டத்தில் பாய்ந்தாலும் அந்த ஓர் அடித் தண்ணீரில் மீன் உயிரோடு இருக்கும். தண்ணீருக்குள் மின்சாரம் போகும் எந்த இணைப்புக்கும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். குழந்தைகள் கையை விடும் இடம் அது.

“பெரிய ஃபில்டரும் யு.வி.யும் இருந்தால் தண்ணீரே மாற்ற வேண்டாம்.” இதை மறுக்கக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஃபில்டர் என்றால் என்ன என்பதே இங்கே தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. டீ வடிகட்டுவது மாதிரி அழுக்கை நிறுத்துவது அதன் பாதி வேலைதான். மறுபாதியை பாக்டீரியாக்கள் செய்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். இது பெரிய தீங்கில்லை. இவை ஒட்டி வாழப் பரப்பு வேண்டும், மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெதுவெதுப்புக்கே இவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எந்தக் கடையில் வாங்கினாலும் வாங்கிய அன்றே ஃபில்டர் வேலை செய்யாது. அந்த வாரங்களில் நாலைந்து சின்ன மீன், விரல்நுனியளவு தீனி, கையில் அம்மோனியா டெஸ்ட் கிட். நீரூற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கிட்டுக்குக் கொடுத்தால் எத்தனையோ மீன் பிழைக்கும். ஏற்கெனவே நன்றாக ஓடும் குளத்திலிருந்து ஒரு பிடி ஃபில்டர் பொருளைக் கேட்டு வாங்கிப் போட்டால் காலம் குறையும். நோயில்லாத குளமா என்று பார்த்து வாங்குங்கள்.

விலை உயர்ந்த மூடிய ஃபில்டர் தேவையில்லை. ரசாயனம் வைக்காத 200 லிட்டர் நீல டிரம் இரண்டு போதும். முதல் டிரம்மில் தண்ணீர் மெதுவாகச் சுற்றிக் கசடு அடியில் படியட்டும். இரண்டாவதில் துண்டு துண்டாக நறுக்கிய பி.வி.சி. குழாய், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், செங்கல் ஜல்லி, எது மலிவோ அது. தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும்.

சில மாதம் கழித்து இரண்டாவது டிரம்மில் கையை விட்டுப் பாருங்கள். நார் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு. முகர்ந்தால் மழை பெய்த மண் வாசம் வரும், நாற்றம் வராது. அதுதான் ஃபில்டர். அதை அழுக்கு என்று நினைத்து, குழாயடியில் வைத்து, பளபளக்கும்வரை தேய்த்துக் கழுவுகிறார்கள். மெட்ரோ தண்ணீரிலும் கூட்டுக் குடிநீரிலும் இருக்கும் குளோரின் மிச்ச பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். ஒரு வாரத்தில் மீன் சாகும். ஃபில்டர் சரியில்லை என்று புதிதாக ஒன்று வாங்குவார்கள். நாரைக் குளத்துத் தண்ணீரில் ஒருமுறை அலசி, கசடு போனதும் திரும்பப் போடுவதுதான் முறை.

மோட்டாரை நாலு மணி நேரம் மட்டும் போடுவது ஏன் கெடுதி என்பதும் இங்கேதான் புரியும். தண்ணீர் ஓடவில்லை என்றால் இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் இல்லை. மூடிய ஃபில்டரில் சில மணி நேரத்திலேயே அவை சாகத் தொடங்கும். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் அந்த அழுகல் மொத்தமும் குளத்துக்குள் வந்து விழும்.

இவ்வளவு சரியாக ஓடினாலும் கடைசியில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். அதை எடுக்கச் செடி வேண்டும் அல்லது தண்ணீர் மாற்ற வேண்டும். வெயிலில் வற்றியதை நிரப்புவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. நீர் மட்டும் ஆவியாகி உப்பு அப்படியே தங்குகிறது. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் இது சீக்கிரம் மோசமாகும். வாரம் 10 முதல் 20 சதவீதம் எடுத்து வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள், நல்ல உரம். குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் ஒரு நாள் காற்றோடு வைத்து ஊற்றுங்கள். யு.வி. விளக்கு என்ன செய்கிறது? முக்கியமாக, தண்ணீரில் மிதந்து பச்சை நிறம் கொடுக்கும் பாசியைக் கொல்கிறது. அம்மோனியாவைத் தொடாது, கல்லில் பிடித்த நூல்பாசியைத் தொடாது, ஒரு வருடத்தில் விளக்கின் வீரியம் குறைந்துவிடும். முதல் வருடம் அது இல்லாமலே இருங்கள்.

நீரூற்று காற்று கொடுக்கும் என்பதும் பாதிதான் உண்மை. தண்ணீர் சூடேறச் சூடேற ஆக்சிஜன் தங்காது: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும், 35 டிகிரியில் 7 தான். மீனுக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜன் கொடுக்கும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சுவிடும். அதனால் விடியற்காலை நாலைந்து மணிதான் மிக மோசமான நேரம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். அழகுக்காக மாலையில் போட்டுப் படுக்கும்போது நிறுத்தும் நீரூற்று, தேவைப்படும் நேரத்தில் வேலை செய்வதில்லை. ஒரு ஏர் பம்ப், இரண்டு ஏர் ஸ்டோன், கரண்ட் போனால் தானே பேட்டரிக்கு மாறும் வசதி. எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பைப்பிலும் கல்லிலும் என்ன இருக்கிறது, எது கிடைத்தாலும் போடலாம் என்பார்கள். செம்பும் துத்தநாகமும் மீனுக்கு விஷம், ஜி.ஐ. பைப்பும் செம்புக் குழாயும் வேண்டாம், பி.வி.சி. போதும். அலங்காரக் கல்லின்மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கருங்கல் நுரைக்காது.

குளம் வைத்தால் கொசு வரும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மீன் உள்ள தண்ணீரில் கொசுப்புழு தங்காது. மீன் நுழைய முடியாத டிரம் மூலைகளையும் தேங்கிய தட்டுகளையும் கொசுவலை போட்டு மூடுங்கள். கொசுவைவிட மடையானுக்கும் மீன்கொத்திக்கும்தான் பயப்பட வேண்டும். சரிவான கரை வைத்தால் மடையான் நடந்து இறங்கிவிடும். செங்குத்தான கரையும் மேலே ஒரு வலையும் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் பொங்கி மீன் தெருவுக்குப் போகாமலிருக்க, வலை கட்டிய வழிந்தோடும் குழாய் ஒன்றும் வேண்டும்.

கடைசியாக, இவ்வளவு தொந்தரவு எதற்கு, முதலில் சின்னதாக வைத்துப் பழகுங்கள் என்பார்கள். பெரிதாக வளரும் வண்ணமீனான கோய்க்கு இது தலைகீழான யோசனை. 300 லிட்டர் தொட்டியில் மே மாத வெயில் மதியத்துக்குள் தண்ணீரைச் சூடாக்கிவிடும். ஒரு கைப்பிடி தீனி மிஞ்சினாலே அம்மோனியா ஏறிவிடும். தவறைத் தாங்குவது பெரிய குளம்தான். ஒரு கோய்க்கு 1,000 லிட்டர் என்பது வளர்ப்பவர்களின் வழக்கமான கணக்கு. நம் 5,000 லிட்டரில் ஐந்து. சின்னதாகத்தான் முடியும் என்றால் கோயை மறந்துவிடுங்கள். வெயில் பாதி நாள் விழும் இடத்தில் ஒரு பெரிய தொட்டி, களிமண் நிரப்பிய சட்டியில் ஒரு அல்லிச் செடி, கொஞ்சம் வேலம்பாசி, ஆறேழு கப்பி மீன். அல்லி இலை நிழல் கொடுக்கும், செடிகள் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும், கப்பி கொசுப்புழுவைத் தின்னும். அந்தத் தொட்டிக்கு மோட்டார், ஃபில்டர், யு.வி. எதுவும் வாங்க வேண்டியதில்லை.